பனையின் வைரமும் ஒட்டுமரமும்

முல்லைத்தீவுக் கரையில் கடலாய்வுக்கூடம் ஒன்றை அமைப்பதாயின், அதனை எதனாற் கட்டுவது? உப்புக்காற்று கொங்கிறீற்றினுள் ஊடுருவிக் கம்பியைத் துருவேறச் செய்யும்; துரு பருத்துச் சுவரைப் பிளக்கும். மரம் துருப்பிடிப்பதில்லை. ஐரோப்பாவில் உப்புக் களஞ்சியங்களை ஒட்டுமரத்தாற் கட்டுதற்கு இதுவே காரணம்.

வன்னிக்கு மரம் புதிதன்று. பாலை, முதிரை, கருங்காலி என்பவற்றை விடுத்துப் பனையை மட்டும் நோக்குவோம். அதன் வைரம் புறத்தே உள்ளது. நடுவில் இருப்பது சோற்றி. தச்சர் முற்றிய பனையை நீளவாட்டிற் பிளந்து, சோற்றியைச் செதுக்கி நீக்கி, எஞ்சிய வைரத்தை வளையாகவும் சிலாகையாகவும் ஆக்கினர். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணப் பனைமரம் கடல்கடந்தும் சென்றது.

நல்ல பகுதியைப் பிரித்தெடுப்பதோடு தச்சர் நின்றனர். பிரித்தவற்றை ஒட்டிப் பெருமரமாக்குவது பிறிதொரு கலை. ஜேர்மனியரான ஒட்டோ ஹெற்சர் 1906 இல், பலகைகளை அடுக்கி ஒட்டி வளைந்த உத்திரம் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலக் கேசீன் பசை பாலிலிருந்து பெறப்பட்டது. ஈரத்தை நெடுநாள் தாங்காதது. பீனோல், ரெசோர்சினோல் பசைகள் வந்த பின்னரே ஒட்டுமரம் வெளிக்காற்றில் நிலைத்தது.

இவ்விடத்தில் ஒரு போர்க்காலச் செய்தி நினைக்கத்தக்கது. 'மொஸ்கிற்றோ' விமானத்தின் உடற்பகுதி, மென்மையான பல்சா மரத்தின் இருபுறமும் பேர்ச் ஒட்டுப்பலகை பொருத்திச் செய்யப்பட்டது. புறம் வன்மை, உள் மென்மை: ஏறக்குறையப் பனையின் அமைப்பே! 1944 இன் பிற்பகுதியில், இந்தியா-பர்மா அரங்கில் இவ்விமானங்கள் சிலவற்றின் இறக்கைகள் வானிலேயே முறிந்தன. முதலில் வெப்பமும் ஈரமுமே குற்றஞ்சாட்டப்பட்டன; விசாரணையோ மூட்டுகளின் செய்நேர்த்திக் குறையையும் கண்டது.

இலங்கை ஒட்டுப்பலகையை அறிந்தது தேயிலைப் பெட்டிகளின் வாயிலாக. அத்தொழிலுக்கு மரம் தேடிச் சிங்கராஜ வனத்தில் 1972 முதல் 1977 வரை இயந்திரங்கொண்டு மரம் தறித்தனர். எதிர்ப்பு வலுத்த பின்னரே அது நின்றது. ஒட்டுமரம் சிறு மரத்தையும் பயன்படுத்தவல்லது என்பர். அன்று வீழ்ந்தவையோ பெருமரங்கள்.

முல்லைத்தீவில் இன்னொரு தடையும் உண்டு. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை அக்கரையை அழித்தது. மரக்கட்டடம் இலகுவானது, வெள்ளம் அதனைத் தூக்கிவிடும். எனவே கீழ்த்தளம் கொங்கிறீற்றுத் தூண்களாய் அலைக்கு வழிவிட, மேலே மரத்தளங்கள் அமைதல் வேண்டும். இணைக்கும் ஆணிகளும் துருப்பிடியா உருக்காக வேண்டும். கறையானை மறத்தலும் இயலாது.

பனையை அங்கு பயன்படுத்தலாமா? அடர்ந்த மரத்தினுட் பசை எளிதிற் புகாது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடம் உண்டு. பனை வைரத்தைப் பசை எவ்வளவு பற்றும் என்பதே அங்கு முதலில் அளக்கத்தக்கது.