கொழும்பு அலைதடுப்புச் சுவர்

அலைதடுப்புச் சுவர் என்பது, திறந்த கடலிலிருந்து வரும் அலையின் வேகத்தைக் கரைக்கு முன்னரே முறித்து, கப்பல்கள் அசையாமல் தரித்து நிற்கக்கூடிய நீர்ப்பரப்பை உட்புறத்தில் உண்டாக்குவதற்காகக் கடலுக்குள் எழுப்பப்படும் கட்டுமானமாகும். ஹாபரில் வேலை செய்வோரின் பேச்சில் இது 'பிரேக்வோட்டர்' என்றே வழங்கும். கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் இடையே கொட்டப்பட்டு, மாலையில் காற்று வாங்க வருவோருக்கு இருக்கையாகவும் உதவும் கருங்கற்கள் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. நிலம் அரிபடாமல் காப்பது மட்டுமே அவற்றின் வேலையாதலால் அவை கரைக்காப்பு எனப்படும். கரையிலிருந்து கடலை நோக்கி நீண்டு மணல் நகர்வைத் தடுக்கும் கல்வரிசையும் வேறு. தமிழ்நாட்டு மீனவர் அதனைத் தூண்டில் வளைவு என்பர்.

கொழும்பு இயற்கைத் துறைமுகம் என்று எண்ணுவோர் பலர். உண்மையில், திருகோணமலைக்கு வாய்த்த ஆழமான உட்குடா கொழும்புக்கு வாய்க்கவில்லை. கோட்டைப் பகுதியில் கடலுக்குள் துருத்தி நின்ற சிறு பாறைமுனையொன்றே அதற்கு இருந்த ஒதுக்கிடம். மே முதல் செப்டம்பர் வரை சோளகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, வீசும் மாதங்களில் அம்முனை போதிய காப்பு அளிக்கவில்லை. கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் பயணிகளும் படகுகளில் அலையோடு மல்லுக்கட்டிக் கரைசேர வேண்டியிருந்தது. இதனாலேயே நீராவித் தபாற்கப்பல்கள் நெடுங்காலம் காலித் துறைமுகத்தையே நாடின. ஆனால் 1867இல் கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் மலைநாட்டுக் கோப்பி முழுவதும் கொழும்பில் வந்து குவிந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் கீழைத்தேசக் கப்பற்போக்குவரத்து பெருகியது. சரக்கு ஓரிடத்திலும் துறை வேறிடத்திலுமாக இருந்த இந்த முரணே சுவருக்கு வழிவகுத்தது.

ஆங்கிலேயப் பொறியியலாளர் சேர் ஜோன் கூட் வகுத்த திட்டத்தின்படி, தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் காலத்தில், 1875 டிசம்பர் 8ஆம் திகதி வேல்ஸ் இளவரசர், பிற்காலத்து ஏழாம் எட்வர்ட் மன்னர், தென்மேற்குச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். வேலைக்கான கருங்கல் மகரையில், சிறைக்கைதிகளின் உழைப்பால் வெட்டப்பட்டது. முதலில் கடலடியில் கல்லைக் கொட்டி மேடாக்கி, அது படிந்து இறுகக் காலம் விட்டு, அதன்மேல் பல தொன் எடையுள்ள கொங்கிறீட் கட்டிகளை 'டைட்டன்' எனப்பட்ட இராட்சதப் பாரந்தூக்கியால் இறக்கினர். கட்டிகள் நிமிர்ந்த அடுக்குகளாக அன்றி, ஒன்றன்மீது ஒன்று சாய்ந்த வரிசைகளாக வைக்கப்பட்டன. அடிமேடு ஓரிடத்தில் தாழ்ந்தால் அங்குள்ள வரிசை மட்டும் தனியே இறங்கும், அருகிலுள்ள சுவர் வெடிக்காது. ஏறத்தாழ 4,200 அடி நீளமான இச்சுவர் 1885இல் நிறைவுற்றது. அதற்கு முன்னரே, 1882 அளவில், தபாற்கப்பல்கள் காலியைக் கைவிட்டுக் கொழும்புக்கு மாறிவிட்டன.

அடிமேடு இறுகும்வரை காத்திருந்த இந்த நிதானத்தின் அருமை சென்னையோடு ஒப்பிடும்போது விளங்கும். அதே இளவரசர் அதே மாதத்தில் அடிக்கல் நாட்டிய சென்னைத் துறைமுகத்தின் சுவர்களை, வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர்ப் புயல் உடைத்தெறிந்தது. வங்கக்கடற் புயலின் சீற்றத்தைக் கொழும்பு சந்திக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிறப்பு முழுவதையும் பொறியியலுக்கே கொடுத்துவிட முடியாது.

சோளகத்துக்கு அணையிட்ட பின்னரும் வடக்குத் திசை திறந்தே கிடந்ததால், வடகிழக்கிலும் வடமேற்கிலும் மேலும் இரு சுவர்கள் எழுப்பப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 600 ஏக்கருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்பு அடைக்கப்பட்டது. அதன் பயன் கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் கண்கூடாயிற்று. கப்பல்களுக்கு நிலக்கரி சுமக்கவும் மூட்டை இறக்கவும் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் துறைமுகத்தை அண்டிய இப்பகுதிகளில் நெருக்கமாகக் குடியேறினர். தூத்துக்குடித் தோணிகளின் வருகை அரிசி, வெங்காய வணிகத்தை வளர்த்தது. தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க தலைமை தாங்கிய 1927ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் இத்தொழிலாளரின் பலத்தை அரசுக்கு உணர்த்தியது. சுவரைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் பொறியியலாளரின் பெயர்கள் நிறைந்திருக்க, இவர்களுடைய பெயர்களோ அரிதாகவே காணப்படுகின்றன.

கொள்கலன் கப்பல்கள் பெருத்து, மேலும் ஆழமான நீரை வேண்டியபோது, பழைய தென்மேற்குச் சுவருக்கு மேற்கே, 2008க்கும் 2012க்கும் இடையில், 6 கிலோமீற்றருக்கு மேல் நீளமான புதிய சுவர் கட்டப்பட்டது. இதனுள் அமைந்த தென்துறைமுகத்தின் முதல் முனையம் 2013இல் இயங்கத் தொடங்கியது. அதற்குத் தெற்கே, 2014இல் தொடங்கப்பட்டு 269 ஹெக்டேயர் கடலை நிலமாக்கிய துறைமுக நகரமும் தனக்கென ஓர் அலைதடுப்புச் சுவரைக் கொண்டுள்ளது. கூட் திட்டமிட்ட சுவர் இன்று துறைமுகத்தின் எல்லையாக அன்றி, பழைய துறையையும் புதிய துறையையும் பிரிக்கும் நடுச்சுவராக நிற்கிறது.