கப்பலைக் கைது செய்யும் நீதிமன்றம்

ஒரு கப்பலைக் கைது செய்ய முடியும் என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது சிரித்துவிட்டேன். இயந்திரப் பொறியியல் படித்தவனுக்குக் கப்பல் என்றால் எஃகும் இன்ஜினும்தான். சட்டத்தின் பார்வையில் கப்பலே எதிர்வாதியாக நிற்கும். முதலாளி உலகின் எந்த மூலையில் இருந்தால் என்ன, கப்பல் நம் துறைமுகத்தில்தானே இருக்கிறது? அதைப் பிடித்து வைத்தால் பெரும்பாலும் பணம் வந்துவிடும். வராவிட்டால் நீதிமன்றம் கப்பலை விற்று, கிடைத்த தொகையில் கடனை அடைக்கும்.

இந்த அதிகாரம் சும்மா வந்துவிடவில்லை. ஆரம்பத்தில் சட்டங்கள் அதைக் குறைக்கத்தான் செய்தன. இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்ட் காலத்தில், 1389-இலும் 1391-இலும் வந்த சட்டங்கள் அட்மிரால்டி நீதிமன்றத்தைக் கடலோடு நிறுத்தின. கரையில் நடந்த ஒப்பந்தங்களில் அது தலையிடக் கூடாது. பின்னாளில் பொதுச் சட்ட நீதிமன்றங்கள் அந்தக் கோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தடையாணைகள் போட்டன.

யோசித்துப் பாருங்கள். கயிறும் பாயும் உணவும் துறைமுகக் கடையில்தானே வாங்குவார்கள்? கடன் கொடுத்தவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் போய்விடும். மாலுமிகளின் சம்பள வழக்குகளை மட்டும் அட்மிரால்டி நீதிமன்றம் விசாரிக்க விட்டார்கள். கேப்டனுக்கு அந்தச் சலுகையும் இல்லை.

ஸ்டீபன் லஷிங்டன் நீதிபதியாக இருந்த காலத்தில்தான் கோடு நகர்ந்தது. வெளிநாட்டுக் கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே நின்றிருந்தாலும், அதற்குப் பொருள் கொடுத்தவர் வழக்குப் போடலாம் என்றது 1840 சட்டம். சம்பளத்துக்காகக் கப்பலின் மீது மாலுமிக்கு இருந்த உரிமையை 1854 சட்டம் கேப்டனுக்கும் கொடுத்தது. 1861 சட்டம் இன்னும் பலருக்குக் கதவைத் திறந்தது. இங்கிலாந்துக்கு வந்திறங்கிய சரக்கு சேதமானால் சரக்குக்காரர் வரலாம். கப்பல் எதையாவது இடித்து நாசம் செய்தாலும் வழக்குப் போடலாம்.

1890 சட்டம் இதையெல்லாம் காலனிகளுக்கும் கொண்டுவந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா உயர் நீதிமன்றங்கள் அப்படித்தான் அட்மிரால்டி அதிகாரம் பெற்றன. பிறகு இங்கிலாந்து தன் சட்டத்தை மாற்றிக்கொண்டே போனது. இந்தியாவிலோ 1861-இன் பட்டியல் அப்படியே உறைந்துவிட்டது. 'எம்.வி. எலிசபெத்' வழக்கில் கப்பல்காரர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பழைய சட்டம் உள்ளே வரும் சரக்கைத்தான் சொல்கிறது, இது வெளியே போன சரக்கு என்பது அவர்கள் வாதம். 1992-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்ற 2017 ஆகிவிட்டது.

நம் பக்கம் வேறு கதை. இங்கிலாந்தின் 1956 சட்டத்தை ஒட்டி, சிங்கப்பூர் 1961-இல் தனக்கென்று ஒரு சட்டம் எழுதிக்கொண்டது. பல வகை வழக்குகளில் அதே முதலாளியின் வேறொரு கப்பலையும் பிடிக்க அதில் இடமுண்டு. மலேசியாவின் 1964 சட்டத்தில் தனிப் பட்டியல் கிடையாது. இங்கிலாந்து உயர் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரமே நம் உயர் நீதிமன்றத்துக்கும் என்று சொல்லிவிடுகிறது. சுதந்திரம் வாங்கிய பிறகும் நம் துறைமுகத்தில் யார் கப்பலை நிறுத்தலாம் என்பதை லண்டனில் எழுதிய வரிகளைப் பார்த்துத்தான் சொல்கிறோம்.

சட்டப் பிரிவுகள் என்றால் நமக்குக் கொட்டாவி வரும். ஆனால் சம்பளம் வராமல் நடுத்துறையில் காத்திருக்கும் மாலுமிக்கு அந்தப் பிரிவில் ஒரு வரி இருப்பதும் இல்லாததும்தான் வீடு திரும்பும் காசு. கேப்டனுக்கு அந்த ஒரு வரி கிடைக்க 1854 வரை ஆனது.