ஓமக்குளமும் வடலூர்ப் பந்தியும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றது. நல்ல யோசனைகள்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் போதுமா?

நூறு ஆண்டுக்கு முன்பே இதற்கு விடை கிடைத்துவிட்டது. வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள்; ஆனால் பிராமண மாணவர் இருவருக்குச் சாப்பாடு தனி. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்தது தமிழக அரசியலையே திருப்பியது.

நம் சிதம்பரத்திலோ, பள்ளிக்குள் நுழையவே வழியில்லாத ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார் சுவாமி சகஜானந்தர். ஓமக்குளத்துக்குப் போனால் இன்றும் பார்க்கலாம்.

கடலூரில் ஒன்பதாம் வகுப்பு எடுத்த காலத்தில், ஐந்து ஐந்து பேராகப் பிரித்து ஊர் வரலாறு எழுதச் சொன்னேன். மீனவர் குப்பம், காலனி, கடைத்தெரு எனப் பல இடத்துப் பிள்ளைகள். ஒரு தகப்பனார் வந்தார். “எம் பையனை வேற குழுவுல போடுங்க சார்” என்றார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்காமல் மாற்றிவிட்டேன். மீதி நான்கு பேரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

மறு ஆண்டு சீட்டுக் குலுக்கினேன். யாரையும் மாற்ற மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒருவன் வரைபடம் போட வேண்டும், ஒருவன் பெரியவர்களிடம் கேள்வி கேட்க வேண்டும், ஒருவன் எழுத வேண்டும். ஒருவன் இல்லாவிட்டால் மற்றவர்களால் முடிக்க முடியாது. கோபித்துக்கொண்டார்கள், சண்டை போட்டார்கள், ஆனால் பேசினார்கள்.

கடைசியாக வடலூர் அழைத்துப் போனேன். 1867 மே 23-இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் பசித்து வருபவரிடம் சாதி கேட்பதில்லை. முதல் மாதம் டிபன் பாக்ஸைத் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிட்ட பையன், அன்று பந்தியில் தன் குழுவுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான்.

அவன் வீட்டில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு பந்திதான்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களே, பெற்றோர் வந்து கேட்டால் மாற்றாதீர்கள். உங்கள் வகுப்பில் எப்படிக் குழு பிரிக்கிறீர்கள்? எழுதுங்கள், படிக்கிறேன்.