சொல்லக்கூடாத மூன்று சொற்கள்

தொலைக்காட்சி நெடுந்தொடர் என்றாலே கண்ணீரும் மாமியார் கொடுமையும்தான் என்று ஒதுக்கிவிடுவது நம்மில் பலரின் வழக்கம். அவ்வெண்ணம் முற்றிலும் பிழையென்று நானும் சொல்லமாட்டேன். எனினும், 1962-ஆம் ஆண்டில் அமெரிக்க நெடுந்தொடர் ஒன்றில் நடந்ததை ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்திருத்தல் நன்று.

'தி கைடிங் லைட்' 1937-இல் வானொலியில் தொடங்கி, 1952-இல் சி.பி.எஸ். தொலைக்காட்சிக்கு வந்து, 2009 வரை ஓடிய தொடர். பிராக்டர் அண்டு கேம்பிள் என்னும் சோப்பு நிறுவனத்தின் ஆதரவில் அது ஒளிபரப்பாயிற்று. (இத்தகைய தொடர்களுக்கு ஆங்கிலத்தில் 'சோப்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் இப்படித்தான்.) அத்தொடரில் பெர்ட் பாவர் என்னும் இல்லத்தரசியாக 1950 முதல் நடித்தவர் சரிட்டா பாவர். பாத்திரத்திற்கும் நடிகைக்கும் குடும்பப்பெயர் ஒன்றாக அமைந்தது தற்செயலே.

பெர்ட் தொடக்கத்தில் அவ்வளவு நல்லவளாகப் படைக்கப்படவில்லை. வசதிகளுக்காகக் கணவன் பில்லை நச்சரிப்பவள். பில்லோ குடிக்கு அடிமையானவன். இன்று நோயென்று கருதப்படும் அப்பழக்கம் அக்குடும்பத்தை ஆட்டிப்படைத்தது. ஏற்கெனவே விரிசல் கண்ட அந்த மணவாழ்வில்தான் இரண்டாவது நோயும் புகுந்தது.

தொடரின் எழுத்தாளர் ஆக்னஸ் நிக்சனுடைய தோழி ஒருவர் புற்றுநோயால் இறந்திருந்தார். பாப் சோதனை செய்திருந்தால் அந்நோயை முன்கூட்டியே கண்டறிந்திருக்கலாம். அச்சோதனையை உருவாக்கிய மருத்துவர் பாப்பனிக்கொலாவ் 1943-லேயே அதைப் பற்றி விரிவான நூல் வெளியிட்டுவிட்டார். ஆயினும் அதைப் பற்றி வாய்திறந்து பேசப் பெண்கள் கூசினர். ஆகவே பெர்ட்டுக்குக் கருப்பைப் புற்றுநோய் வருவதாகவும், சோதனையால் அது உரிய காலத்தில் தெரியவருவதாகவும் எழுத நிக்சன் விரும்பினார். நிறுவனமும் ஒளிபரப்பாளரும் ஒரு நிபந்தனையுடன் இசைந்தனர்: 'புற்றுநோய்', 'கருப்பை', 'கருப்பை அகற்றல்' ஆகிய மூன்று சொற்களையும் எவரும் உச்சரிக்கக்கூடாது!

கைகளைக் கட்டிவிட்டு நீந்தச் சொன்னது போன்ற நிலைதான். நிக்சன் நீந்திக் காட்டினார். நோயின் பெயரே இன்றி நோயின் கதையை எழுதினார். தொடரைப் பார்த்தபின் சோதனைக்குச் சென்றதாகப் பெண்கள் கடிதம் எழுதினர்.

இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் மலேசியாவில் 2010 முதல் 13 வயது மாணவியருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி இலவசமாகப் போடப்பட்டு வருகிறது. நம் தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற மாணவி ஒருத்தியின் தாயார் ஒப்புதல் படிவத்தோடு என்னைக் காண வந்தார். "இதென்ன ஊசி, டீச்சர்?" என்று கேட்டவர், படிவத்தில் இருந்த சொல்லை விரலால் தொட்டுக் காட்டினாரே தவிர, வாயால் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அச்சொல்லைத் தமிழில் உரக்கச் சொல்ல நானும் ஒரு கணம் தயங்கினேன்.

பெர்ட்டின் கதைக்குத் திரும்புவோம். அவள் பிழைத்தாள். பில் பின்னாளில் விமான விபத்தில் இறந்ததாகக் கருதப்பட்டு, 1977-இல் உயிரோடு திரும்பினான். அவனுக்கு வேறொரு குடும்பம் இருந்ததும் அப்போது வெளிப்பட்டது. (நெடுந்தொடர் அல்லவா!) நச்சரிக்கும் மனைவியாக அறிமுகமான பெர்ட், காலப்போக்கில் ஊரே மதிக்கும் குடும்பத் தலைவியானாள். 1980-களில் சரிட்டா பாவர் நோயினால் ஒரு காலை இழந்தபோது, பெர்ட்டும் காலை இழப்பதாகவே கதை எழுதப்பட்டது. இம்முறை எதையும் மறைக்கவில்லை. 1985-இல் அவர் காலமாகும்வரை பெர்ட் வேடத்தை வேறெவரும் ஏற்கவில்லை.