பூட்டைத் திறந்து பார்க்கும் பாடம்

"கம்ப்யூட்டரில் புகுந்து திருடுவதைக் கல்லூரியிலேயே பாடமாக நடத்துகிறார்களாமே, இது அடுக்குமா?" என்று குச்சனூர் நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் வரலாற்றில் இருக்கிறது.

நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆகவே பாரிசிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே ஜெர்மன் மொழிப் பேராசிரியராக இருந்த அகுஸ்த் கெர்க்கோஃப்ஸ், 1883ல் ராணுவ ரகசிய எழுத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். முறை எதிரிக்குத் தெரிந்தாலும் கெடுதல் வரக்கூடாது, சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்பது அதன் சாரம். கருவூல வழக்கம் அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பெட்டக அறைக்கு இரட்டைப் பூட்டு என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் சாவிகள் இரண்டு பேரிடம் இருக்கும். காவல் அதில்தான் இருக்கிறது.

1988 நவம்பர் 2ஆம் தேதி, ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் இணையத்தில் விட்ட ஒரு நிரல் ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. ஓட்டைகளை அறிந்தவர்கள் காவல் பக்கத்திலும் வேண்டும் என்பது அப்போது பலருக்கும் உறைத்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் பேராசிரியர் ஜியோவானி விக்னா தம் வகுப்பில் நடத்திய பயிற்சி, 2003ல் பல பல்கலைக்கழகங்கள் மோதும் போட்டியாக வளர்ந்தது.

நம் பக்கத்தில் இதை முன்னெடுத்தது, கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம். அதன் கேரள வளாகமான அமிர்தபுரியில் 2007ல் 'பயோஸ்' என்ற மாணவர் குழு உருவானது. 2010ல் 'இன்சிடிஎஃப்' என்ற தேசியப் போட்டி தொடங்கியது.

ஆட்டம் எளிது. ஒவ்வொரு அணிக்கும் ஒரே மாதிரி ஓட்டைகள் உள்ள கணினி தரப்படும். தன் ஓட்டையை அடைக்க வேண்டும், எதிரணியின் ஓட்டை வழியே புகுந்து அங்குள்ள ரகசியச் சொல்லாகிய 'கொடி'யை எடுத்து வர வேண்டும். தன் கணினியை நிறுத்தி வைத்துத் தப்பிக்கவும் முடியாது, மதிப்பெண் போய்விடும்.

இது களவுப் பயிற்சி ஆகாது. சிலம்பக் களத்தில் அடி வாங்கிப் பழகுவது போன்றது. களத்துக்கு வெளியே அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைந்தால், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பாயும்.

ஓய்வூதியத்தை நம்பி வாழும் நமக்கும் இதில் பாடம் உண்டு. கடவுச்சொல் ஒரு சாவி, ஓடிபி இரண்டாவது சாவி. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எவன் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பேரப்பிள்ளைகளிடம் சொல்லி, போலியாக ஒரு குறுஞ்செய்தி எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எங்கே ஏமாறுவோம் என்பது ஒரு முறை கண்ணால் பார்த்தால் மறக்காது. பணம் போய்விட்டால் கூச்சப்பட்டு மறைக்காமல் உடனே 1930ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.