ஐந்தாம் டானில் 19 வருடம்: கெய்கோ ஃபுகுடாவின் கதை

 

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா பீரோவைச் சுத்தம் பண்ணச் சொன்னாங்க. அடித்தட்டில், பழைய புடவைகளுக்குக் கீழே, சுருட்டி வைத்த ஒரு பிரவுன் பெல்ட் இருந்தது. அக்காவோடது. ஸ்கூலில் படிக்கும்போது ஆறு வருஷம் கராத்தே போனாள். இன்னும் ஒரு டெஸ்ட் பாஸ் பண்ணியிருந்தால் பிளாக் பெல்ட். பத்தாவது பப்ளிக் எக்ஸாம், பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்னு வீட்டில் நிறுத்திட்டாங்க. அதே கிளாஸுக்குப் போன நான் மஞ்சள் பெல்ட்டோட சோம்பேறித்தனத்தால் நின்னேன். என்னை யாரும் நிறுத்தல.

அந்த பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் கலர் கலர் பெல்ட் சிஸ்டம் எங்கிருந்து வந்ததுன்னு தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் கொண்டுபோய் விட்ட இடம் ஒரு ஜப்பானியப் பாட்டி. உயரம் 150 சென்டிமீட்டருக்கும் கம்மி, எடை 45 கிலோவுக்கும் கம்மி. பேர் கெய்கோ ஃபுகுடா.

முதலில் கொஞ்சம் பின்கதை. 1882-ல் டோக்கியோவில், எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில் ஒரு சின்ன இடத்தை எடுத்து ஜிகோரோ கானோ என்ற இளைஞர் ஜூடோ சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் பள்ளியின் பேர் கொடோகான். இன்றைக்கும் ஜூடோவின் தலைமையகம் அதுதான். யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று காட்ட, 'கோ' என்ற பலகை விளையாட்டில் இருந்த 'டான்' வரிசையை கானோ எடுத்துக்கொண்டார். முதல் டான், இரண்டாம் டான் என்று படிப்படியாக மேலே போகும். கராத்தே அதை ஜூடோவிடமிருந்து வாங்கிக்கொண்டது. அப்போ அக்காவோட பெல்ட்டும் கானோ வழி வந்த கடன்தான்.

இந்த கானோவுக்கு ஒரு குரு உண்டு. ஹச்சினோசுகே ஃபுகுடா, ஜுஜுட்சு ஆசிரியர். அமெரிக்க முன்னாள் அதிபர் யுலிசிஸ் கிராண்ட் 1879-ல் ஜப்பான் வந்தபோது அவர் முன்னால் செய்துகாட்டியவர்களில் இந்த குருவும் உண்டு, சிஷ்யன் கானோவும் உண்டு. அதே வருஷம் குரு இறந்துபோனார்.

ஐம்பத்தைந்து வருஷம் கழித்து, 1934-ல், அந்த குருவின் பேத்தியை கானோ சந்திக்கிறார். கெய்கோவுக்கு 21 வயது. பூ அலங்காரம், தேநீர்ச் சடங்கு, தூரிகை எழுத்து என்று நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்த எல்லாம் கற்றவர். நீ ஏன் ஜூடோ கற்கக் கூடாது என்று கானோவே நேரில் கூப்பிட்டார். உறவில் ஒரு பெரியவர் எதிர்த்தார். அம்மாவும் அண்ணனும் கூட நின்றார்கள். அம்மாவின் கணக்கு வேறயாம்: அங்கே போனால் நல்ல ஜூடோ வீரனாகப் பார்த்துக் கட்டிக்கொடுக்கலாம்! அம்மாக்கள் எல்லா ஊரிலும் ஒண்ணுதான்.

1935-ல் கெய்கோ சேர்ந்தபோது கொடோகானின் பெண்கள் பிரிவில் 24 பேர்தான் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பிரிவு தொடங்கியதே 1926-ல்தான். ஆனால் கானோ 1893-லேயே தனியாக ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம், அதை மறுக்க முடியாது.

ஆனா கதவைத் திறந்த அதே கைதான் உள்ளே ஒரு தடுப்பையும் வைத்தது. பெண்கள் போட்டியில் இறங்கக் கூடாது. ஆண்கள் மேட்டில் மோதி, ஜெயித்து, அந்த வெற்றிகளைக் காட்டி அடுத்த டானுக்குப் போகலாம். பெண்களுக்கு அந்த வழியே கிடையாது. அவர்களுக்கு முக்கியமாகச் சொல்லிக்கொடுத்தது கட்டா, அதாவது இரண்டு பேர் முன்கூட்டியே வகுத்த அசைவுகளைப் பிழையில்லாமல் செய்துகாட்டுவது. அதிலும் 'ஜூ-நோ-கட்டா' என்ற ஒன்று. மொத்தம் 15 அசைவுகள். எதிராளியைத் தூக்குவார்கள், ஆனால் கீழே எறிய மாட்டார்கள். வழக்கமான உடையிலேயே செய்யலாம். பார்க்க நடனம் மாதிரி இருக்கும், செய்துபார்த்தால்தான் முதுகும் தொடையும் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். ஃபுகுடா இதில் உலகத்திலேயே மிகச் சிலரில் ஒருவர் ஆனார்.

1937-ல் அவரே ஆசிரியர். அடுத்த வருஷம் கானோ கடல் பயணத்தில் கப்பலிலேயே இறந்தார். நடுவில் ஒரு வரன் வந்தது. கல்யாணம் ஆனால் ஜூடோவை விட வேண்டும் என்பது நிபந்தனை. வரன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைசி வரைக்கும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதை ரொமான்டிக்கா சொல்ல எனக்கு விருப்பமில்ல. அவரோடு பயிற்சி செய்த ஆண்கள் கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, ஜூடோவும் செய்தார்கள். இரண்டில் ஒன்றை எடு என்ற கேள்வி அவரிடம் மட்டும்தான் வந்தது.

1953-ல் அவருக்கு ஐந்தாம் டான் கிடைக்கிறது. அப்போது உலகத்திலேயே ஐந்தாம் டான் வைத்திருந்த பெண்கள் இரண்டே பேர்: ஃபுகுடா, இன்னொருவர் மசாகோ நோரிடோமி. அதே வருஷம் கலிஃபோர்னியாவில் ஒரு கிளப் அழைக்க, அமெரிக்கா போய் இரண்டு வருஷம் போல இருந்து சொல்லிக்கொடுத்தார்.

இங்கதான் கதை நிற்குது. 1953-ல் ஐந்தாம் டான். 1955-லும் ஐந்து. 1960-லும் ஐந்து. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதல்முறையாக வருகிறது. பதக்கப் போட்டிகள் எல்லாம் ஆண்களுக்கு மட்டும். அந்த ஒலிம்பிக்கில் ஃபுகுடாவும் நோரிடோமியும் ஜூ-நோ-கட்டாவைச் செய்துகாட்டினார்கள். அப்பவும் இரண்டு பேரும் ஐந்துதான். 1966-ல் திரும்ப அமெரிக்கா, மில்ஸ் காலேஜில் ஆசிரியர் வேலை, சான் ஃபிரான்சிஸ்கோவில் பெண்களுக்கென்றே சொந்த டோஜோ. ஐந்து.

காரணம் ரொம்ப சிம்பிள். பெண்களுக்கு ஐந்தாம் டானுக்கு மேல் கிடையாது என்பது கொடோகானின் விதி. நான் கோட் எழுதுற ஆளு, அதனால எனக்கு இப்படித்தான் தோணுது: டேட்டாபேஸ் டேபிளில் யாரோ ஒரு கன்ஸ்ட்ரெயின்ட் போட்டு வெச்சிருக்காங்க, பாலினம் 'பெண்' என்றால் டான் ஐந்தைத் தாண்டக் கூடாதுன்னு. நீங்க என்ன மதிப்பைக் கொடுத்தாலும் சேவ் ஆகாது. எவ்வளவு பயிற்சி செய்தாலும், எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தாலும், அந்த எண்ணிக்கையை சிஸ்டம் படிக்கவே படிக்காது.

பெல்ட்டே வேற. ஆண்களுக்கு முழுக் கறுப்பு. பெண்களின் கறுப்பு பெல்ட்டில் நடுவே நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு. அது எதற்கு? பார்த்ததும் தெரியணும், அவ்வளவுதான். சர்வதேச ஜூடோ சம்மேளனம் அந்தக் கோட்டை 1999-ல் நீக்கியது. ஜப்பான் கூட்டமைப்பு 2017 வரைக்கும் எடுத்துக்கொண்டது. 2017-ங்க. அப்போ நான் காலேஜ் படிச்சிட்டு இருந்தேன்.

இதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு பெண், முற்றிலும் வேறு குணம். ரஸ்டி கனோகோகி, புரூக்ளின்காரர். 1959-ல் நியூயார்க் மாநில ஒய்.எம்.சி.ஏ. ஜூடோ போட்டிக்கு அவர் கிளப் போகிறது. அணியில் ஒருவருக்குக் காயம். தலைமுடியைக் குட்டையாக வெட்டி, மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆண் மாதிரி மேட்டில் இறங்கினார். ஜெயித்தார். அணியும் ஜெயித்தது. பரிசு கொடுத்த பிறகு நிர்வாகி தனியாகக் கூப்பிட்டு, நீ பெண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றார். பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. 1962-ல் கொடோகானுக்கே போனார். பெண்கள் பிரிவில் அவருக்கு ஈடுகொடுக்க ஆளில்லை என்று பார்த்து, ஆண்களோடு பயிற்சி செய்ய அனுமதித்தார்கள். அங்கே அப்படி அனுமதி கிடைத்த முதல் பெண் அவர். 1980-ல் பெண்களுக்கான முதல் உலக ஜூடோ சாம்பியன்ஷிப்பை நியூயார்க்கில், மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடத்த, சொந்த வீட்டை அடமானம் வைத்தார். பெண்கள் ஜூடோ 1988 சியோல் ஒலிம்பிக்கில் கண்காட்சிப் போட்டியாக வந்தது, 1992 பார்சிலோனாவில் பதக்கப் போட்டி ஆனது. ஆண்களுக்கு வந்து 28 வருஷம் கழித்து!

சரி, ஃபுகுடாவிடம் திரும்பி வருவோம். இணையத்தில் அவரைப் பற்றி வர்ற பதிவுகளில் ஒரு டெம்ப்ளேட் இருக்கு. அமைதியாகப் பொறுமையாக இருந்தார், கடைசியில் உலகம் அவரை அங்கீகரித்தது, பொறுத்தார் பூமி ஆள்வார். கேட்க நல்லாதான் இருக்கு. ஆனா நடந்தது அது இல்லை.

19 வருஷம் அவர் பொறுமையாகத்தான் இருந்தார். அந்தப் பொறுமை விதியை ஒரு இன்ச் கூட நகர்த்தவில்லை. நகர்த்தியது கடிதங்கள். அவரிடம் ஜூடோ படித்த ஷெல்லி ஃபெர்னாண்டஸ் என்ற பெண், அமெரிக்காவின் தேசியப் பெண்கள் அமைப்பின் சான் ஃபிரான்சிஸ்கோ கிளைக்குத் தலைவராக இருந்தவர். எங்கள் ஆசிரியர் ஏன் இன்னும் ஐந்தாம் டானிலேயே நிற்கிறார் என்ற கேள்வி அவர் தரப்பிலிருந்து கிளம்பி, கடிதப் பிரச்சாரமாக டோக்கியோ வரை போனது. 1972-ல் ஃபுகுடாவுக்கும் நோரிடோமிக்கும் ஆறாம் டான் கொடுத்தார்கள். அந்த நிலைக்கு வந்த முதல் பெண்கள் இவர்கள். ஃபுகுடாவுக்கு வயது 59.

கவனிச்சீங்களா, தனக்காக அவர் கேட்கல. சிஷ்யர்கள் கேட்டாங்க. குருவைக் கேள்வி கேட்காதே என்று வளர்ந்த ஒரு தலைமுறையில், அவருக்கு அது முடிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். கேள்வி கேட்கிற ஊரில் போய் அவர் சொல்லிக்கொடுத்தது வேலை செய்தது. ரஸ்டியா ஃபுகுடாவா, யார் வழி சரின்னு கமென்ட்ல சண்டை போடலாம். எனக்கு என்னவோ, ஃபுகுடா அந்தக் கட்டாவை அவ்வளவு சுத்தமாகச் செய்யாமல் இருந்திருந்தால் அந்தக் கடிதங்களில் எழுத விஷயம் இருந்திருக்காது, கடிதம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சுத்தத்தை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

அதுக்கப்புறமும் ஏறுவது மெதுவாகத்தான். எட்டாம் டான் 1994-ல், 81 வயதில். ஒன்பதாம் டான் 2006 ஜனவரி 8 அன்று, கொடோகானின் புத்தாண்டு விழாவில், 92 வயதில். கொடோகான் ஒரு பெண்ணுக்கு ஒன்பது கொடுப்பது அதுவே முதல்முறை.

அதே நாள், அதே விழாவில், மூன்று ஆண்களுக்குப் பத்தாம் டான் கொடுத்தார்கள். டோஷிரோ டைகோ, இச்சிரோ அபே, யோஷிமி ஓசாவா. மூவரும் பெரிய மேதைகள், அதில் சந்தேகமே இல்லை. மூவருமே 1920-களில் பிறந்தவர்கள். ஃபுகுடா கொடோகானில் சேர்ந்தபோது ஸ்கூல் போகிற வயசுப் பிள்ளைகள். அந்தத் தேதியை நான் இரண்டு மூன்று தடவை சரிபார்த்தேன், நம்ப முடியாமல்.

கொடோகான் இதுவரை பத்தாம் டான் கொடுத்தது 15 பேருக்கு. 15 பேரும் ஆண்கள். ஃபுகுடாவுக்குப் பத்து கொடுத்தது அமெரிக்க ஜூடோ அமைப்பான யு.எஸ்.ஏ. ஜூடோ, 2011 ஜூலையில். வயது 98. அப்பவும் வாரத்துக்கு மூணு நாள் டோஜோவுக்குப் போய் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். 2013 பிப்ரவரியில், நூறு தொட இரண்டு மாதம் இருக்கும்போது சான் ஃபிரான்சிஸ்கோவில் இறந்தார்.

ரஸ்டிக்கும் ஒரு பாக்கி இருந்ததே. 2009 ஆகஸ்டில், ஐம்பது வருஷம் கழித்து, நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ. அவருக்கு ஒரு தங்கப் பதக்கம் கொடுத்தது. நவம்பரில் அவர் இறந்துபோனார்.

இந்த எபிசோடுக்கு ஸ்கிரிப்ட் எழுதி முடித்த ராத்திரி அக்காவுக்கு போன் பண்ணினேன். முழுக் கதையும் சொன்னேன். அவள் சமைத்துக்கொண்டே கேட்டாள், நடுவில் குக்கர் விசில் வேற. 98 வயசுன்னு சொன்னதும் அடுப்பை அணைத்தாள் போல, சத்தம் நின்னுது.

"அந்த பெல்ட் இன்னும் பீரோலதான இருக்கு?"

"இருக்கு."

"அம்மா பழைய துணிக்காரங்கிட்ட போட்டுடப் போறாங்கடா. அடுத்த தடவ வரும்போது எடுத்துட்டு வா."

தீபாவளிக்குப் போறேன். எடுத்துட்டு வரணும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.