ராக்கெட்டுக்கு முந்திய தேர்வுத்தாள்

சூளூர்பேட்டையில் ரயிலைவிட்டு இறங்கி, பழவேற்காடு ஏரியை ஊடறுக்கும் சாலையில் கிழக்கே போனால் ஸ்ரீஹரிகோட்டா. 1971இல் ரோகிணி வகைச் சிறு ராக்கெட்டோடு தொடங்கிய அந்தத் தளத்தில் ஒவ்வொரு ஏவுதலும் நுண்கணிதம்தான். எரிபொருள் எரிய எரிய ராக்கெட்டின் நிறை குறைகிறது. அதைத் தொகையிட்டு வேகத்தைக் கண்டால் விடையில் மடக்கை வருகிறது. 1903இல் ட்சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாடு இது. முதலாண்டுக் கல்லூரி மாணவர் ஒரே பக்கத்தில் தருவித்துவிடலாம். ஆனால் இந்த வட்டாரத்தின் முதலாண்டு நுண்கணிதம் நெடுங்காலம் இயக்கத்தைவிடத் தேர்வையே நோக்கி நடந்தது. இதற்கு ஆசிரியரையோ மாணவரையோ குறை சொல்வது எளிது. வேர் இருப்பது பல்கலைக்கழகம் பிறந்த விதத்தில்.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் அமைந்தபோது, பாடம் நடத்துவது அதன் வேலையாக இல்லை. பாடத்திட்டம் வகுப்பது, தேர்வு வைப்பது, பட்டம் தருவது, இவ்வளவே. தன் வகுப்புக்குத் தானே வினாத்தாள் அமைக்கும் உரிமை கல்லூரி ஆசிரியருக்கு இல்லாதபோது, பழைய வினாக்களே பாடமாவதில் வியப்பில்லை. கணித மேதை இராமானுஜன் கையில் கிடைத்த, கார் என்பவரின் நூலும் இந்தத் தேர்வு உலகின் பிள்ளைதான். கேம்பிரிட்ஜ் டிரைபாஸ் தேர்வுக்குத் தனிப்பயிற்சி தந்தவர் தொகுத்த அந்நூலில் சூத்திரங்கள் ஆயிரக்கணக்கில், நிறுவல்கள் சொற்பம். அதிலிருந்து இராமானுஜன் எழுப்பிக்கொண்ட கணிதத்துக்குத் தேர்வில் இடமில்லை. கும்பகோணத்திலும் பச்சையப்பனிலும் மற்ற பாடங்களில் தோற்று, பட்டமில்லாமலே வெளியேறினார்.

வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. 1850இல் டெல்லி ஆசிரியர் ராமச்சந்திரர், பெருமம், சிறுமம் பற்றிய கணக்குகளை வகையிடல் இல்லாமல் இயற்கணிதத்தாலேயே தீர்க்கும் நூலைக் கல்கத்தாவில் வெளியிட்டார். இந்தியருக்குக் கைவந்த இயற்கணித மரபிலிருந்தே மேலே ஏறலாம் என்பது அவர் எண்ணம். அதை 1859இல் லண்டனில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் கணிதவியலாளர் டி மார்கன், மதுரையில் பிறந்தவர்! நூல் பாராட்டுப் பெற்றது, பாடத்திட்டமாகவில்லை.

பொதுத் தேர்வுதான் சிற்றூர்ப் பிள்ளையையும் நகரத்துப் பிள்ளையையும் ஒரே தராசில் நிறுத்தியது என்பார்கள். உண்மைதான், குலமும் சிபாரிசும் கோலோச்சிய நாட்டில் அது சிறிய விஷயமல்ல. ஆனால் ஒரே வினாத்தாள் சமத்துவம் தரும் என்றால், அந்த வினா எதைக் கேட்க வேண்டும் என்பது தனிக் கேள்வி. ஏவுதளத்துப் பொறியாளர்களே இந்தக் கல்வியில் வந்தவர்கள்தானே என்பதும் நியாயமான வாதம். ஆனால் 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தபின் காரணம் தேடியவர்களுக்கு எந்தச் சூத்திரம் பொருந்தும் என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. கணக்கையே அவர்கள்தான் அமைக்க வேண்டியிருந்தது. 1980 ஜூலையில் 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது.

1970களில் நிலைமை மாறியது. ஆந்திரத்தின் இன்டர்மீடியட்டிலும் 1978இல் வந்த தமிழகத்தின் மேல்நிலைக் கல்வியிலும் வகையிடலும் தொகையிடலும் பள்ளிப் பருவத்துக்கே இறங்கிவிட்டன. நுழைவுத் தேர்வு அவற்றை இன்னும் இறுக்கியது: ஆந்திரத்தின் எம்செட் தேர்வில் 3 மணி நேரத்தில் 160 கேள்விகள் இருந்தன, பாதி கணிதம். ஆகவே திருப்பதியிலோ சென்னையிலோ முதலாண்டில் உட்காரும் மாணவருக்கு வழிமுறைகள் ஏற்கெனவே கைப்பழக்கம். அவற்றை இன்னொரு முறை ஓட்டுவதற்குச் செலவாகும் அந்த ஆண்டில், குறையும் நிறையிலிருந்து ராக்கெட்டின் சமன்பாட்டை மாணவரே எழுதிப் பார்க்க ஒரு வாரம் ஒதுக்கலாம். அதற்கு மதிப்பெண் எப்படிப் போடுவது என்ற தயக்கம் எழும் என்றால், அது 1857இன் தயக்கம்.